சுகரணம் தந்த கிறீன் வைத்தியர்

கி.பி. 1822 ஆம் ஆண்டு தமிழ் வசனநடைக்கு நல்லதோர் ஆண்டு. அவ்வாண்டின் மார்கழித் திங்களிலே நல்லூரில் ஆறுமுகநாவலர் பிறந்தார். அதற்கு இரண்டு திங்கள் முன்னதாக, ஒக்டோபர் 10 ஆந் திகதி, கடல்கடந்த அமெரிக்க நாட்டிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரில் இன்னொரு குழந்தை பிறந்தது. நல்லூர்க் குழந்தை சைவமுந் தமிழும் தழைக்க வளர்ந்தது. வூஸ்ரர்க் குழந்தையோ, தன் இனத்தார் கேட்டும் அறியாத தமிழ் மொழியிலே, மனித உடம்பின் என்பையும் தசையையும் குருதியையும் பற்றி நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாக நூல் செய்ய வளர்ந்தது. சமயத்தால் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். ஆயினும், நூலென்றாற் செய்யுளே என்று பெரும்பாலார் எண்ணியிருந்த காலத்தில், அரிய பொருள்களையும் தெளிவான வசனத்தில் அமைக்கலாம் என்று காட்டிய வகையில் இருவரும் ஒரே பணியையே செய்தனர். அந்த இரண்டாவது குழந்தைதான் யாழ்ப்பாணத்து மக்களாற் கிறீன் வைத்தியர் என்று அன்போடு அழைக்கப்பெற்ற சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் வைத்தியரின் பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. அவர் நிறுவிய வைத்தியக் கல்வியைப் பற்றியும், அவர் ஆக்கிய கலைச்சொற்களைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். இங்கே அவர் வரலாற்றை ஒரே இழையைப் பற்றிக்கொண்டு சொல்ல விரும்புகின்றேன். நாம் உண்ணுஞ் சோற்றிலிருந்து பிறக்குஞ் சீனிச்சத்தை நலமுள்ள உடம்பு எவ்வாறு அளவோடு வைத்துக் காக்கின்றது என்பதே அவ்விழை. சலரோகத்தைப் பற்றிப் பேசாத வீடு இன்று நம் நாட்டில் அரிது. நோயைப் பற்றிப் பேசுவோர் பலர். நோயில்லாத உடம்பு அக்காரியத்தை எங்ஙனஞ் செய்கின்றது என்று கேட்போர் சிலர். அக்கேள்விக்குத் தம் காலத்து உலகம் அறிந்திருந்த விடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கிறீன். விடையின் மறுபாதி அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. அதனைத் தமிழிற் சொல்லும் கடன் நம்மிடம் விடப்பட்டுள்ளது.

பிறப்பும் கல்வியும்

வழக்கறிஞர் வில்லியம் கிறீன் என்பாரின் பல பிள்ளைகளுள் ஒருவர் சாமுவேல். அவருக்கு மூத்தவரான அன்றூ கிறீன், நியூயோர்க் நகரின் நடுவணுள்ள பெரும் பூங்கா உருப்பெற உழைத்தவருள் முதன்மையானவர். அந்நகரையும் அதன் அயலூர்களையும் ஒரே மாநகரமாக இணைக்கப் பாடுபட்டவரும் அவரே. தமையனார் உலகறிய ஒரு நகரை அமைத்தார். தம்பியாரோ பனைமரங்கள் நிறைந்த ஒரு சிறு குடாநாட்டின் சிற்றூரிலே தம் வாழ்நாளின் நற்பகுதியைக் கழித்தார்.

சாமுவேல் நியூயோர்க்கிலுள்ள வைத்தியர் இரணவைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845 இற் பட்டம் பெற்றார். அக்காலத்து வைத்தியக் கலையின் நிலையை இன்று நினைத்துப் பார்ப்பதும் அரிது. ஈதர் என்னும் மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்யலாம் என்பது 1846 இலேதான் போஸ்ரன் நகரிற் பலரறியக் காட்டப்பெற்றது. நுண்கிருமிகளால் நோய் வரும் என்பது அன்று நிறுவப்படவில்லை. இரைப்பையின் பின்புறத்தே கிடக்குஞ் சதையி என்னுஞ் சுரப்பிக்குஞ் சலரோகத்துக்கும் உள்ள தொடர்பையும் ஒருவரும் நிலைநாட்டவில்லை. அறிந்தது சிறிது, அறியவேண்டியது பெரிது என்ற அந்த நிலையிலேதான் இளைஞர் கிறீன் கப்பலேறினார்.

அமெரிக்க மிசனார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். அவர்களுள் ஸ்கடர் என்னும் வைத்தியர் 1820 முதற் பண்டத்தரிப்பில் மருந்து கொடுத்து வந்தார். அவருக்குப் பின் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் அப்பணியை ஆற்றினார். அவ்வழியில் மூன்றாமவராகக் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணஞ் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கி, 1848 இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அதே 1848 ஆம் ஆண்டிலேதான் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சில கல் தொலைவிற்குள்ளே, ஒரே ஆண்டில், இருவேறு பள்ளிகள் முளைத்தன. ஒன்று உயிருக்கு உறுதி தேடிற்று. மற்றொன்று உடம்பின் இயல்பை ஆராய்ந்தது.

மானிப்பாய் வைத்தியசாலை

கிறீன் வந்த நாளில் யாழ்ப்பாணம் வைத்தியர் இல்லாத நாடாக இருக்கவில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் என, நம் அரசர் பெயரால் வைத்திய நூல்கள் எழுந்த நாடு இது. பரம்பரை வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். சிறுநீரில் இனிப்புக் கலந்து வருதலையும், அதனை எறும்பு மொய்த்தலையுங் கண்டு, மதுமேகம் எனப் பெயரிட்டுக் குறிகுணம் வகுத்த பழையோரின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. அவர்கள் நோயை நன்கு கண்டவர்கள். ஆனால் உடம்பைத் திறந்து, உறுப்புக்களின் அமைப்பையும் அவை தொழிற்படும் வகையையும் நேரிற் கண்டு எழுதும் முறை அன்று இந்நாட்டில் வழக்கில் இருக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பவே கிறீன் துணிந்தார்.

அவர் முதலிற் செய்தது தமிழைக் கற்றல். நோயாளி தன் துன்பத்தைத் தன் மொழியிலேதான் உண்மையாகச் சொல்ல முடியும் என்பது அவருக்கு விரைவில் விளங்கிற்று. வயிற்றுக்குத்து, வயிற்றுளைவு, வயிற்றுப்பொருமல் என்று நம் பெண்டிர் பிரித்துச் சொல்லும்போது, அவை வெவ்வேறு துன்பங்கள் என்று அறியாதவன் மருந்து கொடுப்பது எங்ஙனம்? மானிப்பாய் வைத்தியசாலைக்கு அயலூர்களிலிருந்தும் நோயாளர் வந்தனர். வாந்திபேதி பரவிய காலங்களில் அவரும் அவர் மாணாக்கரும் ஊரூராகச் சென்று உழைத்தனர்.

தமிழில் வைத்தியக் கல்வி

ஒருவர் எத்துணை உழைப்பாளியாயினும் ஒரு குடாநாடு முழுவதையுந் தாமே காத்தல் இயலாது. ஆகவே சில இளைஞரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். கற்றுத் தேறியவருட் பலர் என்ன செய்தனர்? ஆங்கிலம் அறிந்த வைத்தியருக்கு அரசினர் உத்தியோகங் காத்திருந்தது. அவர்கள் ஊதியம் நாடிப் பிறவூர்களுக்குச் சென்றனர். கிராமம் பழையபடி வைத்தியர் இன்றி இருந்தது.

இந்த அனுபவமே கிறீனின் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. 1850 களின் பிற்பகுதியில் தாய்நாடு சென்று, 1862 இல் மனைவியாருடன் மீண்டுவந்த பின்னர், அவர் தமிழிலேயே வைத்தியம் பயிற்றலானார். தமிழிற் கற்றவன் தமிழூரிலே தங்குவான் என்பது அவர் கருத்து. மாணாக்கர் தம் உடை நடை வழக்கங்களை விடாது தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். அவரிடம் பயின்று வெளிப்போந்த வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருட் பாதியளவினர் தமிழ்வழிக் கற்றோர். மேனாட்டு வைத்தியத்தை ஒரு தமிழ் மாணவன் முதல் எழுத்திலிருந்து இறுதித் தேர்வு வரை தமிழிலே கற்றான் என்னும் பெருமை மானிப்பாய்க்கு உரியது.

சொல் தேடிய வகை

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இங்கேதான் கிறீனின் உழைப்பு நம் போன்ற தமிழாசிரியர்க்குப் பெரிதும் உவப்பளிப்பது. ஒரு பொருளுக்குப் பெயர் வேண்டுமாயின் முதலில் தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கிலுந் தேடுவார். கிடையாதபோது வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்திய சொல் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி எடுத்துக்கொள்வார். கெமிஸ்தம் என்பது இம்மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு. வேண்டுங் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளும் வகுத்தார்.

இம்முறையில் எழுந்த நூல்கள் பல. இரணவைத்தியம் 1867 இல் வந்தது. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இல் வந்தன. கெமிஸ்தம் 1875 இல் வெளியாயிற்று. மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றோர் சப்மன், டன்போர்த் முதலிய அவர் மாணாக்கர். பெயர்கள் ஆங்கிலமாயினும் அவர்கள் தமிழிளைஞரே. மிசன் பள்ளியிற் பயின்றோர்க்கு மேனாட்டார் பெயர் இடுதல் அக்காலத்து வழக்கம்.

அவர் ஆண்ட சொற்களுட் பல இன்று வழக்கொழிந்துவிட்டன என்பதை மறைத்தல் வேண்டா. அங்காதிபாதம் என்றால் இன்றைய மாணவன் விழிப்பான். உற்பாலனம் என்பது சுகாதாரத்தைக் குறித்தது என்றாற் சிரிப்பான். வடசொற் கலப்பு மிகுதி என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை உண்மையே. ஆயினும் காட்டிலே முதன்முதல் வழி வெட்டியவனின் பாதை கோணலாயிருந்தது என்று, அதன்மேற் போட்ட நேர்த்தெருவில் நடப்பவர் இகழ்தல் முறையன்று.

அவர் ஆண்ட சொற்களுள் என் நெஞ்சைக் கவர்ந்தது சுகரணம் என்பது. உடம்பின் தொழிலை ஆராயுங் கலைக்கு அவர் வழங்கிய பெயர் அது. இக்காலத்து நூலார் உடற்றொழிலியல் என்பர். சு என்பது நன்மை. கரணம் என்பது செய்கை, கருவி. நன்றாகத் தொழிற்படுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வைத்திய நூல் நோயை ஆராயும். சுகரணமோ நோயற்ற உடம்பின் இயல்பை ஆராயும். கெட்டதைத் திருத்தப் புகுமுன், கெடாதது எப்படி இருந்தது என்று அறிதல் வேண்டாவோ?

மனுஷ சுகரணமும் ஈரலின் கொம்பறையும்

அமெரிக்க அறிஞர் டால்ற்றன் எழுதிய உடற்றொழில் நூலைத் தழுவியது மனுஷ சுகரணம். டால்ற்றன், கிறீன் பயின்ற அந்த நியூயோர்க் கல்லூரியிலேயே பின்னாளிற் பேராசிரியராக அமர்ந்தவர். அவர் பாரிசு நகரஞ் சென்று பாடங்கேட்ட ஆசிரியரோ, சீனிச்சத்தின் மருமத்தை முதன்முதலில் அவிழ்த்த குளோட் பேர்னாட் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர்.

சோற்றிலுள்ள மாச்சத்து உமிழ்நீராலும் குடலில் ஊறும் நீர்களாலுஞ் சீனிச்சத்தாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. அவ்வாறாயின், உண்ணாத வேளையிலும் குருதியிற் சீனிச்சத்துக் குன்றாது இருப்பது எங்ஙனம்? பேர்னாட் 1848 இல் ஒரு சோதனை செய்தார். மாவுஞ் சீனியுங் கலவாத இறைச்சியையே உண்ட நாயின் ஈரலிலிருந்து வெளிவருங் குருதியிலுஞ் சீனிச்சத்து இருக்கக் கண்டார். பின்னர் 1855 இல், வெட்டியெடுத்த ஈரலை நீர் பாய்ச்சி நன்கு கழுவிச் சீனி முழுவதையும் போக்கி வைத்தார். மறுநாட் பார்க்கும்போது அதிலே மீண்டுஞ் சீனி தோன்றியிருந்தது. 1857 இல் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். கிளைக்கோசன் என்பது அதன் பெயர். அறுவடைக் காலத்து நெல்லைக் கொம்பறையிலே கொட்டிவைத்து, மாரிகாலத்தில் அளந்தெடுத்து உண்ணும் உழவனைப்போல, ஈரலானது உண்ட காலத்துச் சீனியைச் சேமித்து, உண்ணாக் காலத்தில் அளந்து கொடுக்கின்றது.

டால்ற்றனின் நூலில் இக்கொள்கைக்கு உரிய இடம் இருந்தது. அந்நூலின் வழியாகப் பாரிசு நகரத்துச் சோதனைச்சாலையின் செய்தி நியூயோர்க் சென்று, அங்கிருந்து மானிப்பாய்த் தமிழுக்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோருட் சிலர் ஆங்கிலம் அறியாமலே, தம் காலத்து உயர்ந்த விஞ்ஞானத்தைத் தமிழிற் படிக்க முடிந்தது.

இறுதி ஆண்டுகள்

கிறீன் உடல்நலங் குன்றி 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டார். மறுபடி அவர் இம்மண்ணை மிதிக்கவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தினார், பார்வையிட்டார். மாணாக்கர் எழுதிய படிகள் கப்பலேறிச் சென்றன. திருத்தங்கள் கப்பலேறி வந்தன. அமெரிக்கக் குளிரிலே, தமிழ் பேச அயலவர் எவருமில்லாத ஊரிலே, ஈரலையும் இரைப்பையையும் பற்றித் தமிழ் வசனங்களைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த அம்முதியவரை மனக்கண்ணாற் பார்க்கின்றேன். மனுஷ சுகரணம் 1883 இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, 1884 மே மாதம் 28 ஆந் திகதி, அவர் உயிர் நீத்தார். தமிழர்க்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் விரும்பினார். அவ்வாறே பொறித்துளர். தமிழர் என்னும் பெயர் அந்தத் தொலைநாட்டுக் கல்லில் நிலைபெற்றுள்ளது.

குடல்விடு தூது

கிறீன் மறைந்தபோது சீனிக் கதையிற் பாதியே எழுதப்பட்டிருந்தது. கொம்பறை எது என்று தெரிந்தது. அதன் திறவுகோலை வைத்திருப்பவர் யார் என்பது தெரியவில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தைக் குத்தினால் முயலின் சிறுநீரிற் சீனி தோன்றுவதைப் பேர்னாட் முன்னரே கண்டிருந்தார். அதனால் உடம்பின் உள்வேலைகள் யாவும் நரம்பின் ஆணைக்கு உட்பட்டவை என்றே அறிஞர் நம்பினர்.

கிறீன் காலமாகி ஐந்தாண்டு கழிந்தபின், 1889 இல், சதையியை அகற்றிய நாய்க்குச் சலரோகம் வருவதை ஜேர்மனிய அறிஞர் இருவர் கண்டனர். 1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் என்னும் மைத்துனர் இருவர் ஒரு சோதனை செய்தனர். ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு கண்டத்துக்குச் செல்லும் நரம்புகள் யாவற்றையும் அறுத்துவிட்டு, அக்கண்டத்தினுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பு இல்லை. ஆகவே செய்தி செல்ல வழியில்லை. ஆயினும் தொலைவிலுள்ள சதையி நீரைச் சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி அமிலத்தோடு அரைத்து வடித்த நீரை நாளத்திற் செலுத்தினர். மீண்டுஞ் சதையி சுரந்தது. நரம்பின்றியும் குருதி வழியாகவே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்புகின்றது என்பது வெளியாயிற்று. அச்செய்திப் பொருளுக்குச் செக்கிரீற்றின் என்று பெயரிட்டனர். 1905 இல் ஸ்ராலிங், இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக, தூண்டுதல் என்னும் பொருள்படுங் கிரேக்கச் சொல்லடியாக ஒரு பெயரை வழங்கினார். அதுவே நாம் ஓமோன் என்று எழுதுவது.

தூது என்னும் பிரபந்தத்தைப் பயிற்றும்போதெல்லாம் எனக்கு இச்செய்தி நினைவுக்கு வரும். அன்னத்தையுங் கிளியையும் முகிலையுந் தூதுவிட்ட தலைவியரை நாம் அறிவோம். நெஞ்சையே தூதுவிட்டவரும் உளர். இங்கே குடல் தூதுவிடுகின்றது. தூது பெறுவது சதையி. தூது செல்லும் வழி குருதி.

சதையி இன்சுலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது என்பதும், அதுவே குருதியிலுள்ள சீனியை ஈரலுக்குந் தசைக்குஞ் செலுத்துகின்றது என்பதும் 1921 இல் கனடா நாட்டுத் தொறொன்ரோ நகரத்து ஆய்வினால் உறுதியாயின. அப்பொழுது அடுத்த கேள்வி எழுந்தது. இன்சுலினைச் சுரக்குமாறு சதையிக்குச் சொல்பவர் யார்? குருதியில் ஏறுஞ் சீனியே சொல்கின்றது என்பது எளிய விடை. அவ்விடை முழுமையானதன்று. குடலிலிருந்து வரும் ஒரு தூது அங்கும் இருத்தல் கூடும் என்று கருதி, 1932 இல் லா பார் என்னும் பெல்ஜிய அறிஞர் அதற்கு இன்கிரீற்றின் என்று பெயர் வைத்தார். பெயர் முன்னே பிறந்தது. பொருளை நிறுவுதற்கோ முப்பது ஆண்டு வேண்டியிருந்தது. குருதியிலுள்ள சிறிதளவு இன்சுலினை அளக்கும் முறை 1960 அளவிலேதான் கைகூடிற்று.

1964 இல் செய்யப்பட்ட சோதனைகளை எளிய முறையிற் சொல்கின்றேன். நலமுள்ள ஒருவருக்குக் குளுக்கோசு நீரை ஒருநாள் நாளத்தின் வழியே நேராகக் குருதியிற் செலுத்துக. இன்னொரு நாள் அதனை வாயாலோ குழாய் மூலங் குடலிலோ புகட்டுக. நாளத்திற் செலுத்தும்போது சீனி தடையின்றிக் குருதியில் ஏறுகின்றது. ஆகவே அப்பொழுதே இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது மறுதலை. குடல்வழிச் சென்றபோதே இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது. வாசலால் வந்த விருந்தினரைக் கண்டு, உள்ளே அடுக்களைக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பும் வீட்டுக்காரியைப்போல, குடலானது உணவு வந்ததை அறிந்ததுஞ் சதையியை விழிப்பிக்கின்றது. நலமுள்ளோரிடத்து, உண்டபின் சுரக்கும் இன்சுலினிற் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இத்தூதின் பயனே என்று பின்வந்த ஆய்வுகள் கணக்கிட்டன.

இத்தூதர் இருவர். ஒருவர் ஜீ.ஐ.பீ. எனப்படுவார். சிறுகுடலின் மேற்பகுதியிற் பிறப்பவர். 1970 களின் தொடக்கத்தில் அறியப்பட்டவர். மற்றவர் ஜீ.எல்.பீ.-1 எனப்படுவார். சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் மிகுதியாகப் பிறப்பவர். 1980 களில் வெளிப்பட்டவர். நலமுள்ள உடம்பில் இன்சுலினைத் தூண்டும் வேலையில் முன்னவரின் பங்கே பெரிது என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னவரோ பலதொழில் வல்லவர். ஈரலின் கொம்பறையைத் திறக்குங் குளுக்ககன் என்னும் ஓமோனை அடக்குவார். இரைப்பையிலிருந்து உணவு மெல்ல மெல்லக் கீழிறங்கச் செய்வார். மூளைக்குப் போதும் என்னும் உணர்வை உண்டாக்குவார்.

இவர்கள் செயலில் மிக வியக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, குருதியிற் சீனி உயர்ந்திருக்கும்போதே இவர்கள் சதையியைத் தூண்டுவர். சீனி தாழ்ந்திருந்தால் வாளாவிருப்பர். ஆகவே நலமுள்ளவனை மிகை இன்சுலினால் மயங்கி விழச் செய்வதில்லை. இரண்டாவது, இவர்கள் வாழ்நாள் மிகக் குறுகியது. ஜீ.எல்.பீ.-1 பிறந்து ஓரிரு நிமிடத்துள் ஒரு நொதியத்தால் அழிக்கப்படுகின்றது. செய்தியைச் சொன்னவுடன் தூதன் மறைகின்றான். அதனாலேயே அவன் குடலுக்கு அருகிலுள்ள நரம்பு முனைகளிலும் தன் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகின்றான் என்று கருதுவர். எனவே நரம்பைப் பெரிதாகக் கொண்ட பழைய கொள்கையும் முற்றாகப் பொய்யாகவில்லை.

வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் ஒரு வேளையிற் கரைந்திருக்குங் குளுக்கோசு ஏறக்குறைய 5 கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டி. நாம் ஒருவேளை உண்ணும் பிட்டோ சோறோ அதனிலும் பன்மடங்கு சீனிச்சத்தைக் குடலில் இறக்குகின்றது. ஒரு பனங்கட்டித் துண்டைக் கடித்துத் தேநீர் அருந்தினாலும் அவ்வளவே. அப்பெருவெள்ளம் இறங்கியும் அத்தேக்கரண்டி அளவு சிறிதே உயர்ந்து, இரண்டொரு மணி நேரத்துள் முன்னைய நிலைக்கு வருகின்றது. ஈரல், சதையி, குடல் என்னும் மூன்றும் ஒருங்கு நின்று காக்கும் நடுவுநிலைமை இது. இதற்குத்தான் சுகரணம் என்று பெயர். சலரோகத்தின் பெரும்பான்மை வகையில் இக்குடற்றூதின் வலிமை குன்றிவிடுகின்றது என்பது 1986 இற் காட்டப்பட்டது. இத்தூதரைப் போலச் செய்த மருந்துகள் 2005 முதல் வழங்கி வருகின்றன. அவை யாருக்கு ஏற்றவை என்பதை வைத்தியர்தாம் சொல்ல வேண்டும்.

எழுதப்படாத அத்தியாயம்

கிறீனுக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இற் கொழும்பில் தோன்றிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடந் தொடங்கியபோதும் பயிற்றுமொழி ஆங்கிலமே ஆயிற்று. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றை நான் மறுக்க வரவில்லை. வைத்தியர் எம்மொழியிலுங் கற்கட்டும். நோயாளியும் அவன் வீட்டாரும் தம் உடம்பைத் தம் மொழியில் அறிய வேண்டாவோ என்பதே என் கேள்வி.

மானிப்பாயிற் கிறீன் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உண்டு. ஒரு முதியவர் தம் குருதிச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் படியிலே நிற்கின்றார் என்று கொள்வோம். தாளில் ஓர் எண் இருக்கின்றது. அந்த எண் கூடிற்று என்று அவருக்குத் தெரியும். சோறு குறைக்கவேண்டும் என்றுஞ் சொல்லியிருப்பர். ஆனால் தாம் நலமாயிருந்த அறுபது ஆண்டும், ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும், தம் குடல் தம் சதையிக்குத் தூதனுப்பித் தம்மைக் காத்துவந்தது என்பதை அவருக்கு யார் சொன்னார்? சொல்லியிருந்தால், தண்டனையாக எண்ணிச் செய்யும் உணவுக் கட்டுப்பாட்டை, இளைத்துப்போன பழைய ஊழியனுக்குச் செய்யுங் கைம்மாறாக எண்ணிச் செய்திருப்பார்.

கிறீனுக்குச் சொல் இல்லை. அவர் தேடித் தேடிச் சொல்லை உண்டாக்கினார். நமக்கோ ஓமோன், சதையி, நொதியம், கிளைக்கோசன் எனச் சொற்கள் பாடநூல்களிற் குவிந்து கிடக்கின்றன. பரீட்சை முடிந்ததும் அவை மறக்கப்படுகின்றன. சொல் இருந்தும் சொல்லாதிருத்தல், சொல் இன்றியும் சொல்லிய அப்பெரியார்க்கு நாம் செய்யும் நன்றியன்று. மனுஷ சுகரணம் 1883 இல் நின்ற இடத்திலிருந்து அடுத்த அத்தியாயத்தை எழுதும் பணி, யாழ்ப்பாணத்து இளம் வைத்தியரையும் அவர்க்குச் சொல் கொடுக்கவல்ல தமிழாசிரியரையும் எதிர்நோக்கி நிற்கின்றது. அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் முன்பாதியை எழுதிவிட்டார். பின்பாதியை எழுதவேண்டியவர் நாமே.